சேலை எட்டிய தூரம்

என் தம்பியை அம்மா கட்டிப்போட்டுத்தான் வளர்த்தாள். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறிவிடும். எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் மாறாது. எழுபதுகளில் மூணாறு மலைகளில் கொழுந்து கிள்ளப் போன தாய்மார் எத்தனையோ பேர் அதைச் செய்திருக்கிறார்கள். பழைய சேலை ஒன்றைக் கயிறுபோல முறுக்கி, ஒரு நுனியைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுநுனியை ஜன்னல் கம்பியிலும் கட்டிவிட்டு, கங்காணி பேர் கூப்பிடுவதற்குள் ஓடுவார்கள். ஆனால் மற்றவர்கள் ஒரு மழைக்காலம் கட்டினார்கள், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம். சொன்னால் கேட்கும் வயது வந்ததும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அம்மா மட்டும் விடவில்லை. அவன் தவழத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் வேலை நாள் எல்லாம் கட்டினாள்.

அதற்குக் காரணம் என் தங்கை.

தங்கை தம்பிக்கு முன்னால் பிறந்தவள். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. விறகு அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள், கோழிக்கூட்டுக்குள் நுழைந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பாள். அப்பா அவளைத் தோளில் வைத்துக் கடைக்குத் தூக்கிப் போனால், வரும்போது இறங்கிக்கொண்டு அவளே முன்னால் நடப்பாள். எங்கள் லயத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசையாக இருக்கும். எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட். பெரியவர்களே மூடுபனியில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்கள். அவள் தவறாமல் எங்கள் கதவில் வந்து நிற்பாள். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. இவளை எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேர்ந்துருவா என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

அவளுக்கு இரண்டரை வயது இருக்கும். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம், எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையிலிருந்து யாரும் பார்க்காத நேரம் வெளியே வந்துவிட்டாள். அங்கே ஒரே ஒரு ஆயா, தொட்டிலிலும் தரையிலுமாக ஏகப்பட்ட பிள்ளைகள். அம்மா தேயிலைக் காட்டில், நான் பள்ளிக்கூடத்தில். தங்கை தனியாகவே லயம் வரைக்கும் வந்திருக்கிறாள். முன்கதவு பூட்டியிருந்ததால், நாங்கள் எல்லோரும் செய்வதுபோலச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் அடுப்படிக் கதவுக்குப் போயிருக்கிறாள். அடுப்படிக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத்தான் மண். அதற்கப்பால் சரிவு, சரிவுக்கு அடியில் ஓடை. அன்று அந்த மண்கரையில் ஒரு பகுதி மழையில் இளகி உள்வாங்கியிருந்தது. ஓடைக் கற்களுக்கு நடுவில்தான் அவளை எடுத்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்கள். இத்தனூண்டு பிள்ளைக்கு எப்படி வழி தெரிஞ்சிருக்கு பாரேன் என்று. அவர்கள் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பல நாள் கழித்துக் கஞ்சி ஊற்றும்போது தனக்குத்தானே பேசுவதுபோல என்னிடம் சொன்னாள்: "வழி தெரியாத பிள்ளையா இருந்திருந்தா நின்ன எடத்துல நின்னு அழுதிருக்கும். யாராச்சும் தூக்கியிருப்பாங்க."

அடுத்த வருஷம் தம்பி பிறந்தான். கைக்குழந்தையாக இருந்த வரை கொட்டகையில் விட்டாள். நடுவில் போய்ப் பால் கொடுத்து வருவாள். அவன் முட்டி போட்டு நகர ஆரம்பித்த அன்றே கொட்டகைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள்.

பக்கத்து வீட்டு அத்தைக்குக் காலில் அடிபட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதால் காட்டு வேலை போய்விட்டது. அவள் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள், மத்தியானம் கஞ்சி ஊட்டுவாள், துணி நனைந்திருந்தால் மாற்றிவிடுவாள். மற்றபடி தம்பி ஜன்னலடியில் தனியாகக் கிடந்தான். சேலை வாசற்படிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். அடுப்பையும் எட்டாது. அம்மா அதை நன்றாக அளந்துதான் கட்டியிருந்தாள். அவனுக்கு விளையாட ஒரு ஈயத் தட்டும், போர்ன்விட்டா டப்பா ஒன்றும், ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும்போது மிஞ்சும் பலகைத் துண்டுகளும் கொடுத்திருந்தாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்ப்பேன். டப்பா உருண்டு எதிர்ச்சுவர் ஓரம் கிடக்கும். அவன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பான். முதலில் எல்லாப் பிள்ளைகளையும்போல அழுதிருப்பான், சேலையை இழுத்திருப்பான். நாளாக ஆக, கைக்கு எட்டாமல் போன சாமானை அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எதையும் வீசமாட்டான். வீசினால் திரும்பி வராது என்று தெரிந்துபோயிற்று. பலகைத் துண்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டிருப்பான். சமர்த்துப் பிள்ளை, சத்தமே இல்லை என்று லயத்தில் பேர் வாங்கினான்.

அவனுக்கு ஐந்து வயது முடிந்ததும் அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதற்குள் நான் படிப்பை விட்டு அம்மாவோடு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சேலையை அவிழ்த்ததும் ஓடப்போகிறான், பிடிக்கத்தான் கஷ்டம் என்று நினைத்தோம். அவன் ஓடவில்லை. வீட்டுக்குள் நடந்தான். வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால், இடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும், நின்று திரும்பினான். அப்பா சிரித்தார். மறுபடி அவனை வாசல் பக்கம் திருப்பி விட்டார். மறுபடி அதே இடத்தில் திரும்பினான். பிறகு அப்பா சிரிக்கவில்லை.

வெளியே அவனுக்கு எல்லாமே தொந்தரவாக இருந்தது. படி இறங்கத் தெரியவில்லை. உட்கார்ந்து, காலை நீட்டித் தடவிப் பார்த்துத்தான் இறங்குவான். பைப்படியில் குடத்தைக் குழாய்க்கு நேராக வைக்கச் சொன்னால் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும், அவன் குடத்தைத் தப்பான பக்கம் நகர்த்துவான். எதிரில் மாடு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அதன்மேலேயே போய் முட்டுவான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏதாவது ஒரு கதவில் உட்கார்ந்துகொள்வான். அந்த வீட்டுக்காரர்கள் காட்டிலிருந்து வந்து, இது நம்ம வீடு இல்ல ராசா என்று கொண்டுவந்து விடுவார்கள்.

சிலேட்டில் எழுதினால் எழுத்து எல்லாம் படுத்தோ திரும்பியோ கிடக்கும். 'ப' கவிழ்ந்திருக்கும். 'ட' எதிர்ப்பக்கம் பார்க்கும். வாத்தியார் பிரம்பால் அடித்துப் பார்த்தார், கையைப் பிடித்து எழுதவும் வைத்துப் பார்த்தார். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்கு மூளை மந்தம் என்றார். ஆனால் அவன் மந்தம் இல்லை. காதில் கேட்டதை அப்படியே சொல்வான். யார் என்றைக்கு என்ன பேசினார்கள் என்று கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்பான்.

அப்பா அவனை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். டாக்டர் மலையாளி. கண்ணைப் பார்த்தார், விரலை அங்கும் இங்கும் ஆட்டிப் பார்த்தார், பையன் நாள் முழுக்க என்ன செய்வான் என்று கேட்டார். அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லையாம். கண் நன்றாக இருக்கிறது, பையனை மண்ணில் விளையாட விடுங்கள், ஏறட்டும் விழட்டும், இனியாவது விடுங்கள் என்றாராம். அப்பா வந்து சொன்னபோது அம்மா கேட்டாள்: "விழட்டும்னா சொன்னாரு?" அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கவில்லை.

எனக்கு இன்றும் மறக்க முடியாதது அதுவல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். வெளியே மூடுபனி இறங்கி எதிர் லயம் மறைந்துவிட்டது. அம்மா அடுப்படியில் இருந்தாள். தம்பி பெட்டிக்குப் பின்னாலிருந்து பழைய சேலையை இழுத்துக்கொண்டு போய் அவள் முன் நின்றான். "கட்டும்மா" என்றான். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எதுக்குடா என்று கேட்டாள். பயமா இருக்கு என்றான். அம்மா கட்டினாள். கட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சேலையை அவனிடமிருந்து பிரித்தது என்று சொல்லமுடியாது, அதை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது பக்கத்து வீட்டு அத்தையின் மகள். தம்பி வயதுதான். மூக்கு ஒழுகிக்கொண்டு, முழங்காலில் எப்போதும் ஒரு காயத்தோடு திரிகிற பிள்ளை. தம்பி கட்டிக்கிடந்த காலத்தில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள். ஒரு லீவு நாள், அவன் அப்படிக் கேட்டுக் கட்டிக்கொண்டு கிடந்தபோது, அவள் சேலையை ஜன்னலிலிருந்து அவிழ்த்து, அந்த நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பஸ் என்றாள். தான் டிரைவர், அவன் கண்டக்டர். அவள் முன்னால் ஓட, சேலை இறுகி, அவன் பின்னால் போகவேண்டியதாயிற்று. வாசற்படியில் தயங்கினான். பஸ் நிற்கவில்லை.

லீவு நாளெல்லாம் அந்த பஸ் ஓடியது. முதல் ஸ்டாப் பைப்படி. அப்புறம் மாரியம்மன் கோவில், ரேஷன் கடை, கங்காணி பேர் கூப்பிடும் பெரட்டுக்களம். ஒவ்வோர் இடத்திலும் நின்று அவன் இடத்தின் பேரைக் கத்த வேண்டும். தப்பாகச் சொன்னால் டிரைவர் வண்டியைத் திருப்பி முதலிலிருந்து வருவாள். சில வாரத்தில் அவன் கண்டக்டராக இருந்தே அடுத்து வருவது என்ன என்று முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் இருவரும் இடம் மாறினார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். நான் விறகுக் கட்டோடு மேட்டில் நின்று பார்த்தேன். அவன் பெரட்டுக்களம் வரை போய், சுற்றித் திரும்பி, எங்கள் கதவுக்கே வந்து நின்றான். நான் கட்டை இறக்கி வைத்துவிட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. சேலையின் முடிச்சு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டாள்.

பிறகு பஸ் லயத்தின் பின்பக்கம் போனது.

அன்று எங்களுக்கு அரைநாள் வேலை. கூடையை இறக்கிவிட்டு நானும் அம்மாவும் வந்துகொண்டிருந்தோம். வளைவு திரும்பியதும் லயத்தின் பின்புறம் தெரியும். பிள்ளைகள் இரண்டும் மண்கரை ஓரத்தில் இருந்தன. அத்தை மகள் விளிம்பில் குந்தி ஓடைக்குள் கல் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அவளுக்குப் பின்னால் சேலையை இழுத்துப் பிடித்து நின்றான். அம்மா கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடும் என்று பயந்திருப்பாள். தலைச்சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் சேலையோடு சேர்த்துச் சுருட்டி இழுத்து அடுப்படிச் சுவரில் சாய்த்தாள். பிறகு அந்தச் சின்னப்பிள்ளையை அடித்தாள். முதுகிலும் கன்னத்திலும் மாறி மாறி அடித்தாள்.

அத்தை காலை இழுத்துக்கொண்டு வந்து மகளைப் பறித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் உன் பிள்ளைக்குப் பீ மூத்திரம் அள்ளினேனே என்று அழுதாள். அம்மா தம்பியை உள்ளே கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் கட்டினாள். அவன் எதிர்க்கவில்லை. ஆறு வயதுப் பையன், கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், முடிச்சுப் போட வசதியாக.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்குக் கட்டிருவ. பெறவு? ஒனக்கு அப்புறம் அவனை யாரு கட்டிவைப்பா?"

"போடி அங்கிட்டு."

"தங்கச்சி வழி தெரிஞ்சதுனால சாகலம்மா. கரை இளகிக் கெடந்துச்சு. அது யாருக்கும் தெரியல. இவனுக்குக் கரைன்னா என்னன்னே தெரியாது. இவன் தெனமும் விழுவான்."

அம்மா என்னையும் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கட்டின முடிச்சைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து, விஷயம் கேட்டு, அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அத்தை கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. மகளையும் அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை பைப்படியில் தம்பியைப் பார்த்தால் தன் அம்மா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். பஸ் அன்றோடு நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தம்பியை அழைத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் போனாள். அந்த ஒரு நாள் ஓடியதைத் தவிர, தங்கை போன நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை. அடுப்படிக் கதவுக்கு உள்ளிருந்தே தாழ் போட்டு, விறகு அடுக்கி மறைத்து வைத்திருந்தாள். நான் கூடப் போனேன். அவள் கரையில் உட்கார்ந்தாள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவன் கையைப் பிடித்து மண்ணை அழுத்தச் சொன்னாள். இது கெட்டி, இங்க நிக்கலாம் என்றாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து, இது பொலபொலன்னு இருக்கா, இதுல கால் வைக்கக் கூடாது என்றாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தாள். தான் உடுத்தியிருந்த சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனை மடியில் இருத்தி, உட்கார்ந்தபடியே சரிவில் சறுக்கி இறங்கினாள். ஓடைக்கல்லில் அவனை நிறுத்தினாள். மேலே பார், அதுதான் நம்ம அடுப்படி என்று காட்டினாள். புல்லைப் பிடித்து எப்படி ஏறுவது, எந்த வேர் தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மேலே ஏற்றினாள். மேலே வந்ததும் அவனை என்னிடம் விட்டுவிட்டு, திரும்பத் தனியாக இறங்கிப் போய் அந்தக் கற்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. தம்பிதான் கேட்டான், அம்மா அங்க என்ன செய்யுது என்று.

அதற்குப் பிறகு அவனை அவள் கட்டவில்லை. விடுமுறை நாளில் கையைப் பிடித்துக்கொண்டு எங்காவது நடத்திக் கூட்டிப்போவாள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, அவளால் முடிந்தது அவ்வளவுதான். தம்பி படி இறங்கக் கற்றுக்கொண்டான். எங்கள் கதவையும் கண்டுபிடித்தான், மூடுபனி இல்லாத நாளில். ஆனால் சிலேட்டில் எழுத்து நேராகவில்லை. அவனோடு சேர்ந்தவர்கள் மேல் வகுப்புக்குப் போக, அவன் அதே பெஞ்சில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று.

வளர்ந்த பிறகு அவனைக் கவ்வாத்து வெட்டப் போட்டுப் பார்த்தார்கள். தேயிலைச் செடியை வரிசை பிடித்து வெட்டிக்கொண்டே போகவேண்டும். அவன் பாதியில் அடுத்த ஆளின் வரிசைக்குள் போய்விடுவான். திரும்பினால் வெட்டியது எது, வெட்டாதது எது என்று தெரியாது. கங்காணி இரண்டு முறை பொறுத்தார். பிறகு ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். சுவர் உள்ள இடம். அங்கேதான் அவன் இருந்தான், ஃபேக்டரி மூடும்வரை. கல்யாணம் பேச வந்தவர்கள் எல்லாம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், தம்பி பள்ளிக்கூடம் நின்ற புதிதில், எழுபதுகள் முடிகிற சமயம் நான் காட்டு வேலையிலிருந்து மாறி, பிள்ளைகள் கொட்டகையில் ஆயாவுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். எங்களைப்போன்றவர்களை டவுனுக்கு வரவழைத்துச் சில நாள் வகுப்பு நடத்தினார்கள். ஒரு அம்மையார் பாயில் மரக்கட்டைகளைக் கொட்டிவிட்டுப் பேசினார். பிள்ளை ஒரு சாமானைத் தூக்கிப் போட்டு, அது விழுந்த இடத்துக்குத் தானே போய் எடுத்து வரும்போதுதான் தூரம் என்றால் என்ன என்று அதற்குப் பிடிபடும் என்றார். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, சரிந்து, மறுபடி அடுக்கித்தான் மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம் தெரியவரும். பிறகு எழுத்துக்கும் கணக்குக்கும் அதுவே துணை என்றார். மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார், எல்லாம் புரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் கட்டையை எடுத்து அடுக்கினார்கள். நான் ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்கச் சொன்னபோது கை வரவில்லை.

வீடு வந்தபோது சாயங்காலம். தம்பி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தான். அம்மா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள். சுத்தமா வச்சிருக்கணும், தண்ணியைக் கொதிக்க வச்சுக் கொடுக்கணும், பாட்டுச் சொல்லிக் கொடுக்கணும் என்று சொன்னேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பிள்ளைகளைக் கட்டிப் போடுறதப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவள் தலையாட்டினாள். என் டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள்.